பழைய விறகடுப்பை வாங்கும் முன் புகைபோக்கியைப் பாருங்கள்

பழைய விறகடுப்பு ஒன்றை நான் 400 டொலருக்கு வாங்கினேன். அதனால் போன காசு, நாள், நித்திரை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கொட்டேஜ், அதாவது விடுமுறை வீடு, வாங்கும் எங்கள் ஆட்கள் ஒன்ராறியோவில் கூடிக்கொண்டே வருகிறார்கள். பழைய கொட்டேஜ் என்றால் கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய ஒரு ஃபயர்பிளேஸ், அதாவது சுவரோடு சேர்ந்த நெருப்பு மாடம், பெரும்பாலும் இருக்கும். அதற்குள் பழைய இன்சேர்ட் ஒன்றை, அதாவது உள்ளே பொருத்தும் இரும்பு அடுப்பு ஒன்றை, தள்ளிவிட்டால் வீடு சூடாகிவிடும் என்ற எண்ணமும் வரும். எனக்கு வந்தபோது மறித்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கேட்பதற்கு ஆள் தெரியாமல் நானே தனியாக எல்லாம் செய்தேன்.

விறகடுப்பு மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் 2013 டிசம்பர் ஐஸ் புயல். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு நான்கு நாள் கரண்ட் இல்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் காற்றாடிக்குக் கரண்ட் வேண்டும். எட்டு மாதக் குழந்தையை ஜாக்கெட்டோடு போர்வைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு இரவு விழித்திருந்தோம். அம்மா அப்போது சொன்னா, "ஊரிலை எண்டால் ரெண்டு கொள்ளியை மூட்டிப்போட்டுச் சுத்தி இருந்திருப்பம்." அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. 2021 இலையுதிர் காலத்தில் பீற்றர்பரோவுக்கு வடக்கே, 28ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் சின்னக் கொட்டேஜ் ஒன்று வாங்கியபோது நான் முதலில் பார்த்தது குளத்தை அல்ல, கூடத்தில் இருந்த ஃபயர்பிளேஸைத்தான். 1974இல் கட்டிய வீடு. வெளிச்சுவரை ஒட்டி செங்கல் சிம்னி, அதாவது புகைபோக்கி, நேராக மேலே போகிறது.

முதல் சனிக்கிழமையே நெருப்பு மூட்டினோம். முன்னால் இருந்தவர்களுக்கு முகம் சுட்டது, முதுகு விறைத்தது. பின்னறை முன்பிருந்ததைவிடக் குளிர்ந்துபோனது. திறந்த ஃபயர்பிளேஸ் அப்படித்தான். எரியும் நெருப்பு வீட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுத்துச் சிம்னியால் வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப யன்னல் இடுக்காலும் கதவிடுக்காலும் குளிர்காற்று உள்ளே வரும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குள் நின்றால் பெரிய விஷயம். இன்சேர்ட் என்பது இதற்கான மாற்று. கதவு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றை ஃபயர்பிளேஸின் வாய்க்குள் பொருத்துவது. கதவு மூடியிருப்பதால் காற்றை நாங்கள் அளந்து விடலாம், விறகு ஆறுதலாக எரியும், சூடு அறைக்குள் வரும். யோசனை சரி. நான் வாங்கிய பொருளும் அதை வைத்த விதமும்தான் பிழை.

இணையத்தில் ஒரு விளம்பரம். கனமான இரும்பு, இரண்டு கதவு, "நன்றாக எரியும், வீட்டைத் திருத்துவதால் விற்கிறோம்." விற்றவரின் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். கையால் தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கேட்டது. நல்ல பாரம். பாரமான பொருள் உறுதியான பொருள் என்று நினைத்தேன். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. புகை வெளியேறும் வாயின் விட்டத்தை அளக்கவில்லை. உள்ளே ரோர்ச் அடித்து இரும்பில் வெடிப்பு இருக்கிறதா, தலைப்பக்கத் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. முக்கியமாக, சான்றிதழ்த் தகடு இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. கனடாவில் விற்கும் இன்சேர்ட் ஒன்றில் யூஎல்சி எஸ்628 என்ற தரத்தின்படி சோதித்தது என்று பொறித்த உலோகத் தகடு ஒன்று இருக்கவேண்டும். எவ்வளவு தூரம் விட்டு வைக்கவேண்டும், எந்த அளவுக் குழாய் பொருத்தவேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்தத் தகடு இல்லாத அடுப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், இலவசமாகக் கொடுத்தாலும், எடுக்காதீர்கள்.

அதைக் கொண்டுவர ஒரு முழு நாள் போனது. 400 இறாத்தலுக்கு மேல் பாரம். ட்ரெயிலரும் தள்ளுவண்டியும் வாடகைக்கு 170 டொலர். நண்பர்கள் மூன்று பேர் வந்தார்கள், ஒருவருக்கு இடுப்புப் பிடித்து ஒரு கிழமை வேலைக்குப் போகவில்லை. அதற்கு நான் என்ன விலை போட முடியும்? பிறகு உள்ளே வைக்கும் சூடு தாங்கும் செங்கல், கதவிடுக்கை அடைக்கும் கயிறு, கறுப்புப் பெயின்ற் என்று 140. முன்பக்க இடைவெளியை மூடத் தகடு வெட்டிப் பொருத்த ஒருவருக்கு 350. மொத்தம் 1,060 டொலர், இன்னும் ஒரு கட்டை எரிக்கவில்லை.

கதவுக் கயிறு பற்றி ஒன்று சொல்லவேண்டும். பழைய கயிறு உக்கிப்போய், தொட்டால் சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தது. கராஜ் கதவை மூடிவைத்துக்கொண்டு கத்தியால் சுரண்டி எடுத்தேன், மூத்த மகள் பக்கத்தில் நின்று ரோர்ச் பிடித்தாள். அந்தக் காலத்து அடுப்புகளின் கதவுக் கயிற்றில் கல்நார், அதாவது அஸ்பெஸ்ரஸ், இருந்திருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்தத் தூளில் இருந்ததா இல்லையா என்று இனிச் சோதிக்க வழியில்லை. காசு போனதை மறந்துவிட்டேன். அவள் அந்தத் தூளுக்குப் பக்கத்தில் நின்றதை மறக்க முடியவில்லை. பழைய அடுப்பில் உதிரும் கயிறைக் கண்டால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

அடுப்பை ஃபயர்பிளேஸுக்குள் தள்ளினோம், தகட்டால் சுற்றிவர மூடினோம், அவ்வளவுதான். அடுப்பின் வாயிலிருந்து சிம்னியின் உச்சி வரை குழாய் ஒன்றும் போடவில்லை. இந்தத் தொழில் செய்பவர்கள் இப்படி வைப்பதை ஸ்லாமர் என்று சொல்கிறார்கள், தள்ளி அடித்துவிட்டுப் போவது. ஒரு காலத்தில் நிறையப் பேர் இப்படித்தான் வைத்தார்கள். இதிலுள்ள சிக்கலைக் கணக்காகச் சொன்னால் விளங்கும். என் அடுப்பின் வாய் 8 அங்குல விட்டம், பரப்பளவு கிட்டத்தட்ட 50 சதுர அங்குலம். சிம்னிக்குள் இருந்த சுடுமண் குழாயின் உள்பரப்பு கிட்டத்தட்ட 100. ஒடுக்கமான வாயால் வரும் புகை திடீரென்று இரண்டு மடங்கு அகலமான இடத்துக்குள் போகிறது. வேகம் குறைகிறது. என் சிம்னி வெளிச்சுவரில் இருப்பதால் மூன்று பக்கமும் பனிக்காற்று, புகை குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த புகையில் இருக்கும் நீராவியும் தாரும் சுவரில் படிகின்றன. அதற்குத்தான் கிறியோசோட் என்று பெயர். அது நெருப்புப் பிடித்தால் சிம்னியே கொள்ளியாகிவிடும்.

முதல் இரவே அம்மா சொன்னா. அம்மா யாழ்ப்பாணத்தில் நாற்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவ. தென்னம்பாளை, பனைமட்டை, சிரட்டை, எது எப்படி எரியும் என்று புகையின் மணத்திலேயே சொல்லுவா. கதிரையில் இருந்தபடி மூக்கைச் சுருக்கினா. "தம்பி, புகை மேலை போகேல்லை. இஞ்சைதான் நிக்குது." நான் "இது ஊரடுப்பு இல்லையம்மா, கதவு பூட்டியிருக்கு, புகை வராது" என்றேன். அம்மா பிறகு ஒன்றும் பேசவில்லை, தன் கதிரையை யன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டா. அம்மாவின் அனுபவத்தை நான் அப்படித் தட்டிவிட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

விறகும் பிழையாகத்தான் வாங்கினேன். ஒரு வருடம் காய்ந்தது என்று சொல்லித் தந்தார்கள். கட்டையின் வெளிப்பக்கம் சாம்பல் நிறமாக, வெடித்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எரிக்கும்போது கட்டையின் நுனியில் நுரை தள்ளியது. 30 டொலருக்கு ஈரம் அளக்கும் மீற்றர் விற்கிறார்கள். அதை வாங்கி, கட்டையை நடுவே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளித்தோலில் குத்தினால் பொய்க்கணக்கு வரும். 20 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். என் விறகு பிறகு அளந்தபோது 31 காட்டியது. அளவிலும் கவனம் வேண்டும், இங்கே விறகைக் கோர்ட் கணக்கில்தான் விற்பார்கள். புஷ் கோர்ட் என்றால் 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் என்பது அதே உயரமும் நீளமும், ஆழம் மட்டும் ஒரு கட்டையின் நீளம். 16 அங்குலக் கட்டை என்றால் அது மூன்றில் ஒரு பங்குதான். "ஒரு கோர்ட் இவ்வளவு" என்று மட்டும் சொன்னால் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள். விறகைத் தூர இடத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டும் போகாதீர்கள். இங்கே ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கும் பச்சை வண்டு விறகோடுதான் ஊர் ஊராகப் பரவியது.

நத்தார் விடுமுறைக்கு ஒரு கிழமை போய் நின்றோம். இரவில் நெருப்பு அணையாமல் இருக்கட்டும் என்று பெரிய கட்டைகளை நிரப்பி, காற்றை நன்றாகக் குறைத்துவிட்டுப் படுப்பேன். அதுவும் தப்பு. ஈர விறகு, குறைந்த காற்று, குளிர்ந்த சிம்னி, மூன்றும் சேர்ந்தால் நெருப்பு எரியாது, புழுங்கும். நான்காவது இரவு, மூன்று மணி பத்து நிமிடம், நடையில் மாட்டியிருந்த கார்பன் மொனொக்சைட் அலாரம் கத்தத் தொடங்கியது. முதலில் பற்றரி முடிந்ததாக்கும் என்று நினைத்தேன். பிறகு மனைவி அம்மாவின் அறையிலிருந்து கூப்பிட்டா. அம்மா கட்டிலில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தா. வெளியே சைபருக்குக் கீழே 24. பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி, அம்மாவைக் கையில் பிடித்து, எல்லோரும் காருக்குள் ஏறினோம். சின்னவளுக்குச் செருப்புக்கூட இல்லை. 911க்கு அடித்தேன். அந்தப் பகுதித் தொண்டர் தீயணைப்புப் படையினர் வர 25 நிமிடம் ஆனது. அந்த 25 நிமிடத்தில் நான் அம்மாவின் கையை விடவில்லை. அவ "ஒண்டுமில்லை ராசா, தலையிடி மட்டும்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா.

நடந்தது இதுதான். நெருப்பு தணலாகிச் சூடு குறைந்ததும் வெளிச்சுவரில் இருந்த பெரிய சிம்னி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த சிம்னியில் காற்று மேலே போகாது, கீழே இறங்கும். தணல் புகை காட்டாது, ஆனால் மணமில்லாத அந்த வாயுவை விட்டுக்கொண்டேயிருக்கும். அது வீட்டுக்குள் வந்தது. அலாரம் 40 டொலர்ச் சாமான். ஃபயர்பிளேஸோ விறகடுப்போ உள்ள வீட்டில் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இது கட்டாயம் என்று ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது, 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கொட்டேஜ்தானே, எப்போதாவதுதானே போகிறோம் என்று விடாதீர்கள். அறை அறையாக மாட்டுங்கள். இதை வாசித்துவிட்டு வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து மத்தியானம் விட்டார்கள். அடுத்த நாள் இன்சூரன்சுக்கு அடித்தேன். கொட்டேஜ் வாங்கும்போது ஃபயர்பிளேஸ் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன், இன்சேர்ட் வைத்ததைச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றே தெரியாது. மறுபக்கத்தில் இருந்த பெண் ஆறுதலாகக் கேட்டா. தகடு இருக்கிறதா? யார் பொருத்தியது? பில்டிங் பெர்மிட் எடுத்தீர்களா? வெற் இன்ஸ்பெக்சன் அறிக்கை இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றேன். அறிக்கை வரும்வரை எரிக்கக்கூடாது, இதுவரை வீடு எரிந்திருந்தால் நட்டஈடு கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம் என்றா. நான்கு கிழமையாக என் குடும்பம் படுத்திருந்த வீட்டுக்கு உண்மையில் இன்சூரன்ஸ் இருக்கவில்லை. போனை வைத்துவிட்டுக் கார் பார்க்கிங்கில் கனநேரம் இருந்தேன்.

வெற் என்பது விறகு எரிக்கும் சாதனங்களைப் பொருத்தவும் சோதிக்கவும் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனடாவில் கொடுக்கும் சான்று. வந்தவர் அறுபது வயது தாண்டியவர், பேச்சுக் குறைவு. அடுப்பை வெளியே இழுத்தோம். சின்னக் கண்ணாடியைச் சரித்துப் பிடித்து, ரோர்ச் அடித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சிம்னியின் உட்சுவர் கறுப்பாக மினுங்கியது, உருக்கின தார் வழிந்து உறைந்த மாதிரி. கைநகத்தால் தட்டினார், கண்ணாடிச் சத்தம் கேட்டது. சும்மா கரி என்றால் தூரிகையால் தட்டிவிடலாம், இந்த மினுங்குகிற பூச்சு தூரிகைக்கு வராது என்றார். பிறகு கமெராவை மேலே விட்டார். எட்டு அடி உயரத்தில் சுடுமண் குழாய் நெடுக வெடித்திருந்தது. எனக்கு முன்னே எப்போதோ ஒரு முறை உள்ளே நெருப்புப் பிடித்திருக்கலாம் என்றார். வீடு வாங்கும்போது செய்த வீட்டுப் பரிசோதனையில் சிம்னிக்குள் ஒருவரும் பார்க்கவில்லை. அது தனியாகக் கேட்டுச் செய்யவேண்டிய வேலை. சுத்தம் செய்தது, கமெரா, அறிக்கை எல்லாம் சேர்த்து 480 டொலர். அடுப்பை வாங்கும் முன் இந்த 480ஐச் செலவழித்திருந்தால் மற்ற 1,060உம் மிஞ்சியிருக்கும், அம்மாவும் அந்த இரவைப் பார்த்திருக்கமாட்டா.

பழைய அடுப்பைத் திரும்ப விற்கச் சொன்னார்கள். 400க்கு உடனே போகும். எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா படுத்திருப்பா. கதவுகளைக் கழற்றி, சுத்தியலால் அடித்து, பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். 35 டொலர் தந்தார்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் சரியான முறையில் செய்தேன். முதலில் பெர்மிட். பிறகு இன்சூரன்சுக்கு எழுதி, என்ன வேண்டும் என்று எழுத்திலேயே பதில் வாங்கினேன். ஃபயர்பிளேஸ் வாயின் அகலம், உயரம், ஆழம், பின்பக்கத்து அகலம், நான்கையும் அளந்துகொண்டு கடைக்குப் போனேன். பின்பக்கம் பொதுவாக ஒடுங்கியிருக்கும், அதை அளக்காமல் வாங்கினால் உள்ளே போகாது. புது இன்சேர்ட் 3,600. சிம்னிக்குள் உச்சிவரை போகும் 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் (லைனர்), யூஎல்சி எஸ்635 தரம், அதைச் சுற்றிக் காப்புப் போர்வை, கீழே இடைவெளியை அடைக்கும் தகடு, கூலி எல்லாம் 2,900. என் வீட்டில் அடுப்புக்கு முன்னால் கல்தரை 12 அங்குலம்தான் இருந்தது. 450 மில்லிமீற்றர், அதாவது 18 அங்குலம் வேண்டும், அதையும் நீட்டினோம். பெர்மிட்டும் கடைசி இன்ஸ்பெக்சனும் 450. மொத்தம் 6,950 டொலர். பெரிய காசுதான். ஆனால் பழைய அடுப்பு மணிக்கு 15 முதல் 30 கிராம் வரை புகைத்தூள் விடும், 2020க்குப் பிறகு அமெரிக்கச் சட்டப்படி சான்று பெற்ற புது அடுப்பு 2.5 கிராமுக்கு மேல் விடக்கூடாது. அந்த வித்தியாசம் விறகிலும் தெரிகிறது, முன்பு இரண்டு நாளில் எரிந்த விறகு இப்போது மூன்று நாளுக்கு மேல் வருகிறது.

கரண்ட் போகும்போது உதவவேண்டும் என்பதற்காக வாங்குபவர்கள் இதையும் யோசியுங்கள். இன்சேர்ட் முழுவதும் சுவருக்குள் புதைந்திருந்தால் சூட்டை வெளியே தள்ளக் காற்றாடி வேண்டும், காற்றாடிக்குக் கரண்ட் வேண்டும். 2013இல் ஃபேர்னஸுக்கு நடந்ததே திரும்ப நடக்கும். அதனால் முன்பக்கம் ஐந்தாறு அங்குலம் கல்தரைமேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மாதிரியை எடுத்தேன். காற்றாடி இல்லாமலும் கூடம் சூடாகிறது, மேலே கேத்தில் வைத்தால் தண்ணீர் கொதிக்கிறது.

புது அடுப்பை முதலில் மூட்டிய அன்று அம்மா கிட்ட வரவில்லை. விறகை மட்டும் பார்க்கவேண்டும் என்றா. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினா, டங் என்று கேட்டது, தலையாட்டினா. நெருப்பு பிடித்து அரை மணித்தியாலம் போனபிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனா. நானும் பின்னால் போனேன். பனியில் நின்று கனநேரம் சிம்னி உச்சியைப் பார்த்தா. புகை இல்லை, வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே தெரிவது போலக் காற்று மட்டும் அலைந்தது.

"நூந்து போச்சோ தம்பி?"

"இல்லையம்மா. எரியுது."

உள்ளே வந்து கோட்டைக் கழற்றி, தன் கதிரையை யன்னல் பக்கத்திலிருந்து தானே இழுத்துக்கொண்டு வந்து அடுப்புக்கு முன்னால் போட்டா.